வெந்நித்தொட்டி ராமலெட்சுமி

"லாத்தா நாளைக்கு வாரா" என்று தோஹாவிலிருந்து இஃப்திகார் போனில் சொன்னபோது ராமலெட்சுமி அடுப்புக்குச் சீமைக்கருவேல விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாளைக் கீழே போட்டாள். முந்தானையால் காதைத் துடைத்துக்கொண்டு, "யாரு தம்பி?" என்று மறுபடியும் கேட்டாள்.

"எங்க லாத்தாதான், கூடப்பொறந்த ஜுனைதா. மக சுஹாவையும் கூட்டிக்கிட்டு வாரா. நோன்புக்கு முன்னாடி பத்திரத்துல கையெழுத்துப் போட்டு முடிச்சிரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாந்தான் கெஞ்சுனேன். ஒரே ஒரு தடவ போய்த் தங்கு, அந்தத் தொட்டியில உக்காந்து பாரு, அதுக்கப்புறம் உன் இஷ்டம்னு. இனிமே உங்க கையிலதான்க்கா இருக்கு."

போன் வைக்கப்பட்ட பிறகும் ராமலெட்சுமி அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

புதுமடத்துக்கு மேற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தென்னந்தோப்பு இஃப்திகாரின் வாப்பா விட்டுப்போனது. அதில் அக்காவுக்கும் பங்கு உண்டு. பெரியபட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட ஜுனைதாவுக்குத் தோப்பை இறால் பண்ணைக்காரர்களிடம் விற்றுவிட வேண்டும். இஃப்திகாருக்கு, அங்கே தான் கட்டிப்போட்ட ஓட்டு வீட்டையும் வெந்நித்தொட்டியையும் வைத்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் இடமாகவே நடத்த வேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால் தோப்பு போகும். தோப்பு போனால், அதன் பின்புறம் கிணற்றடியில் இரண்டு அறையில் குடியிருக்கும் ராமலெட்சுமியும் வீரமணியும் மகள் பானுப்பிரியாவும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு முதுகுளத்தூர்ப் பக்கம் போய், வீரமணியின் தம்பி வீட்டில் ஒண்ட வேண்டியதுதான். பானுப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பரீட்சை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். நடுவில் இடம் பெயர்ந்தால் படிப்பு என்னாகும்?

இந்த ஊருக்கு அவள் வந்ததே தண்ணீரைத் துரத்திக்கொண்டு வந்த கதை. பிறந்த ஊர் முதுகுளத்தூருக்கும் தெற்கே. சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிறைப்பார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை நடந்து முடியும். வானம் பார்த்த பூமியில் வீரமணியின் மிளகாய் அடுத்தடுத்துக் கருகிப்போனபோது, தோப்புக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ சொல்ல, இரண்டு பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். அப்போது இது வெறும் தோப்பு. தொட்டியெல்லாம் கிடையாது.

பிறகு ஒரு நாள் லாரியில் அது வந்து இறங்கியது. ஆறு பேர் உட்காரலாம் என்கிற வட்டமான மரத்தொட்டி. பக்கத்திலேயே இரும்பு அடுப்பு. அடுப்புக்குள் சுருள் சுருளாகச் செம்புக் குழாய். விறகைப் போட்டுப் பற்றவைத்தால் தண்ணீர் குழாயில் சுற்றிச் சுற்றிச் சூடாகும். மேலே பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை மாதிரி ஒரு மூடி. வீரமணி சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கல்யாண வீட்டு அண்டாவுல மனுசன அவிக்கப் போறாகளா?" என்றான்.

முதன்முதலாக மதுரையிலிருந்து ஒரு ஜோடி வந்தபோது, அம்மை இறங்கிய பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற நினைப்பில், ராமலெட்சுமி தண்ணீரில் கொத்துக் கொத்தாக வேப்பிலையைப் போட்டு வைத்தாள். வீரமணி தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் பெண்ணோ அதைப் போட்டோ பிடித்து எங்கோ போட்டுவிட, அடுத்து வந்தவர்கள் எல்லாம் "அந்த வேப்பிலைக் குளியல் எங்க?" என்றுதான் கேட்டார்கள். அதிலிருந்து அவள் பெயரே மாறிவிட்டது. புதுமடத்துக் கடையில் போய் நின்றால், "வெந்நித்தொட்டி ராமலெட்சுமிக்கு என்ன வேணும்?" என்பார்கள். கேலிதான். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. தோப்புக் கிணறு சவர், உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரை விட்டால் குழாய் அரித்துப்போகும். நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும். எந்த விறகு நின்று எரியும், எப்போது பற்றவைத்தால் எப்போது பதம் வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. முழங்கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாகக் காய்ச்சுகிறாள். ஒரு தடவைகூட அதில் இறங்கியதில்லை. அப்படி ஒரு நினைப்பே வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் லாரித் தண்ணீரை நிரப்பி, அடுப்பை மூட்டி, மூடியைப் போட்டுவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"ஏன்டி இப்படி அலையுற? பிரசவத்துக்கா வந்திருக்கு?" என்றான் வீரமணி.

"நீங்க சும்மா இருங்க. அந்தம்மா மொகத்த நீங்க பாத்ததில்ல."

உச்சிக்குக் கார் வந்தது. கறுப்புப் பர்தாவில் கனத்த சரீரமாக, கதவைப் பிடித்து, ஒரு முழங்காலை முதலில் இறக்கி, அப்புறம் மற்றதை இறக்கி நின்றாள் ஜுனைதா. வந்ததும் வராததுமாக அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த மரத்துலயெல்லாம் யாரு ஏறுவா?"

"தவசின்னு ஒருத்தருக்கா. இன்னைக்கும் நாளைக்கும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

"சொன்னாக் கேட்டுருவானா?"

"ஏறுற தளைக்கயித்தயே வாங்கி எங்க வீட்டுல வச்சுப் பூட்டிட்டேன்க்கா."

சுஹா களுக்கென்று சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. தொட்டியைச் சுற்றி இரட்டையாக அடைத்திருந்த தென்னங்கீற்று வேலியை ஒரு சுற்றுச் சுற்றி, இடுக்கு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நுழைந்தது. திரும்பி ராமலெட்சுமியைப் பார்த்தாள். ராமலெட்சுமி ஓடிப்போய் ஒரு கீற்றைக் கொண்டுவந்து சொருகினாள்.

சாப்பிடும்போதுதான் ஜுனைதா வாயைத் திறந்தாள். "ஊரே குடிதண்ணிக்குக் கொடத்த வரிசையில வச்சுட்டு லாரிய எதிர்பாத்துக் கெடக்கு. என் தம்பி அத ஊத்திச் சூடு பண்ணி ஆளுகள ஊறப்போடுறான். வாப்பா இருந்தாச் செருப்பால அடிச்சிருப்பாக."

"உம்மா, நீங்கதான முட்டி வலிக்குதுன்னு ராத்திரியெல்லாம் பொலம்புறீங்க? டாக்டர் வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொன்னாருல்ல?"

"டாக்டரு ஒத்தடந்தான் சொன்னாரு. வெட்டவெளியில போய் உக்காரச் சொன்னாரா?" என்றவள், மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "அஸர் தொழுதுட்டு வாரேன். எறங்கிப் பாக்குறேன்னு அவன்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

வெயில் தாழ்ந்தது. உள்ளே தொழுகை நடந்துகொண்டிருக்கும்போதே, எல்லாம் தயாராக இருக்கட்டும் என்று ராமலெட்சுமி வேலிக்குள் போய் மூடியைத் தூக்கினாள். ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. அடித்ததும் தொண்டையைக் கவ்வியது. இருமினாள். கண்ணில் நீர் முட்டியது. மறுபடியும் இருமினாள்.

நெடி. அவள் பிறந்து வளர்ந்த நெடி. முண்டு மிளகாய்.

மூடியின் உட்புறத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. பொங்கல் கூட்டம் போன பிறகு தொட்டி காலியாகத்தான் கிடந்தது. அந்தச் சமயம் அவள் அண்ணன் காளீஸ்வரன் தன் காட்டின் முதல் எடுப்பு மிளகாயை ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தான். இன்னும் சரியாகக் காயாத மிளகாய். இந்தக் கடற்கரைத் தரையில் பாய் விரித்துப் போட்டால் ஈரம் ஏறி அடிப்பக்கம் வெளுத்துப்போகும். மிளகாய்க் காட்டில் பிறந்தவளுக்குப் பழம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடி சும்மாதானே கிடக்கிறது என்று இரண்டு பெஞ்சின் மேல் அதைக் கவிழ்த்துப் போட்டு, துணி தைத்த உட்புறத்தில் பரப்பிவிட்டாள். பழம் ரத்தச் சிவப்பாகக் காய்ந்தது. அள்ளிக் கட்டிவிட்டு மூடியைத் துடைத்தும் வைத்தாள். ஆனால் தையலுக்குள் போன விதையையும் பஞ்சு குடித்த காரத்தையும் துடைக்கவா முடியும்? காலையிலிருந்து ஆவியில் வெந்து, சொட்டுச் சொட்டாக அது தொட்டிக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரில் விதைகள் மிதந்தன.

முழங்கையை விட்டாள். தெரியவில்லை. விறகு கீறிய விரலை விட்டாள். சுரீர் என்றது.

என்ன செய்ய? தண்ணீரைத் திறந்துவிட்டால் இன்றைக்கு வேறு லாரி கிடையாது. காரணம் கேட்டால் என்ன சொல்வது? விதையை அரித்து எடுத்துவிட்டால்? கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தால்? அந்தம்மாவுக்குத் தெரியாமலே போய்விடுமோ? இந்த யோசனையில், பின்னால் காலடிச் சத்தம் கேட்டதுகூட உறைக்கவில்லை.

"வாவ்! ஆன்ட்டி, இதுதானா?" சுஹா முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு தொட்டி விளிம்பில் குனிந்தாள். "முகத்துக்கு ஆவி பிடிக்கிற மாதிரியே இருக்கே!"

சொல்லியிருக்கலாம். "வேண்டாம் பாப்பா" என்று ஒரு வார்த்தை. அதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டது.

அலறல் தோப்பு முழுக்கக் கேட்டது.

ராமலெட்சுமி அவளை அணைத்து இழுத்து உட்காரவைத்து, செம்பு செம்பாக நல்ல தண்ணீரை ஊற்றிக் கண்ணைக் கழுவினாள். "தேய்க்காத தாயி, தேய்க்காத! கண்ணச் சிமிட்டு!" முக்காடு நழுவ, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஜுனைதா வந்தாள்.

"யா அல்லாஹ், என் பிள்ளைக்கு என்ன செஞ்சீங்க?"

வேலிக்கு வெளியே நின்ற வீரமணி பதறிப்போய்க் குரல் கொடுத்தான். "மருந்து கூடிப்போச்சு போல! தண்ணி கெடாம இருக்கப் போடுற பவுடருக்கா. அளவு தப்பியிருக்கும்!"

அவனுக்கு மூடி விஷயம் தெரியும். அந்த நெடி வேலியைத் தாண்டி அவனுக்கும் வந்திருக்கும். தெரிந்தேதான் சொன்னான்.

"பவுடரா?" ஜுனைதாவின் முகம் இறுகியது. "கண்ணக் கெடுக்கிற மருந்தப் போட்ட தண்ணியிலயா என்னய எறங்கச் சொன்னான்? நாளைக்கு வெளியூர்ப் பிள்ளை ஒண்ணுக்குக் கண்ணு போனா யாரு பதில் சொல்றது? போதும். இன்னைக்கே அவன்ட்டப் பேசிருறேன்." இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

ராமலெட்சுமிக்கு ஒரு கணத்தில் எல்லாம் புரிந்தது. பவுடர் என்றால் பழி அவளுக்கு இல்லை, தொட்டிக்கு. தொட்டி விஷம் என்றால் தோப்பும் போய்விடும். உள்ளதைச் சொன்னால் தொட்டி பிழைக்கும். தன்னைத்தான் வெளியே தள்ளுவார்கள். இரண்டிலும் போவது தன் வீடுதான். அப்படியென்றால் எதற்குப் பொய்?

"அக்கா, மருந்து இல்லக்கா. அவரு பயத்துல சொல்றாரு. மூடியில மொளகா காயப்போட்டேன். நாந்தான் போட்டேன்."

ஜுனைதா போனைக் கீழே இறக்கினாள். மூடியருகே போய்க் குனிந்து முகர்ந்தாள். "முண்டா?"

"ஆமாக்கா. எங்க அண்ணன் காட்டுல மொத எடுப்பு. இங்கன தரையில போட்டா வெளுத்துப் போகுதுக்கா, அதான்..."

"எங்க வீட்டு மொட்டமாடியில கட்டில்ல போட்டுத்தான் காயவைக்கிறோம். ஒனக்கு என் தம்பி வாங்கிப்போட்ட மூடிதான் கெடச்சுதா?"

ராமலெட்சுமி தலையைக் குனிந்தாள். அப்போது சுஹா, ஈரத்துணியைக் கண்ணில் வைத்தபடி, குற்றம் சொல்கிற மாதிரிகூட இல்லாமல் சொன்னாள்: "நான் உள்ள வரும்போதே ஆன்ட்டி இருமிக்கிட்டுத்தான் இருந்தாங்க உம்மா."

ஜுனைதா ராமலெட்சுமி பக்கம் திரும்பினாள்.

"அப்பத் தெரிஞ்சிருக்கு ஒனக்கு."

"தெரிஞ்சுச்சுக்கா. சொல்லத்தான் வந்தேன். வாய் வரல. பயந்துட்டேன்."

"எதுக்குப் பயந்தே?"

"நீங்க கையெழுத்துப் போட்டுருவீகன்னு."

ஜுனைதா மகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது.

ராமலெட்சுமி தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். லாரித் தண்ணீர், நல்ல தண்ணீர், தென்னம்பாத்தியை நோக்கிக் குடுகுடுவென்று ஓடியது. கொட்டாங்குச்சியில் மொண்டு வளர்ந்தவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். பிறகு சீயக்காயும் சோப்புத்தூளும் போட்டு, மரம் வெளுக்கிற வரைக்கும் தேய்த்தாள். மூடியைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். வீரமணி பக்கத்தில் வந்து, "நான் ஒரு வழி பண்ணிக் குடுத்தேன், நீ வாயக் குடுத்துக் கெடுத்துட்டியே" என்றான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பானுப்பிரியா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்தாள். அதுதான் ராமலெட்சுமியை இன்னும் அறுத்தது.

காலையில் முதல் வேலையாகத் தண்ணீர் லாரிக்காரர் வாவு முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

"நேத்துத்தான ஊத்துனேன்? ஒரே நாள்ல குடிச்சிட்டாகளா?"

"அண்ணே, வெளாடாதீக. எப்படியாச்சும் வாங்க."

"தெருவுக்கு ஊத்திட்டுத்தான் வர முடியும். விட்டா பொம்பளைக என்னயப் பிச்சுப்புடுவாளுக."

அவர் வந்து ஊற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. மூடி இல்லாத தொட்டி லேசில் சூடேறுமா? வீரமணி விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தான். வீட்டுக்குள்ளே பெட்டி கட்டுகிற சத்தம் கேட்டது. சுஹாவின் கண் சிவப்பு வடிந்துவிட்டது. வாசலில் நின்று சிரித்தாள். ஜுனைதாவோ காலையிலிருந்து ராமலெட்சுமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இட்லியைக் கொண்டுபோய் வைத்தபோது, "வச்சிட்டுப் போ" என்றதோடு சரி.

மதியம் ளுஹர் தொழுதுவிட்டு அவள் நேராக வேலிக்குள் வந்தாள். சாயம்போன நைட்டியும், தலையில் சுற்றிய துண்டும்.

"சூடாயிருச்சா?"

"பதமா இருக்குக்கா."

"நீ மொதல்ல எறங்கு."

ராமலெட்சுமிக்குப் புரியவில்லை. "நானா?"

"நீதான். எறங்கு. மொகத்தக் கழுவு. கண்ணத் தொறந்து வச்சுக் கழுவு. நான் பாக்கணும்."

சேலையோடு இறங்கினாள். வெந்நீர் இடுப்பைத் தாண்டி மார்பு வரை ஏறியது. இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை அகல விரித்து, முகத்தில் அடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை. எரிகிறதா என்று தெரியவில்லை. பயத்தில் எதுதான் தெரியும்? கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். எரியவில்லை.

"இல்லக்கா. ஒண்ணுமில்ல."

"தள்ளி உக்காரு."

பிஸ்மில்லாஹ் சொல்லி, விளிம்பைப் பிடித்து, முதலில் ஒரு முழங்கால், அப்புறம் மற்றது. ராமலெட்சுமி கையை நீட்டினாள். ஜுனைதா அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

ராமலெட்சுமி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றிச் சுருக்கம் பிடித்திருக்கிறது என்று சொல்கிறதா, கோபம் என்று சொல்கிறதா? ஜுனைதா மரங்களின் உச்சியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஒருத்தனும் இல்லியே?"

"இல்லக்கா."

தலைத்துண்டை அவிழ்த்து விளிம்பில் போட்டாள். நரைத்த கூந்தல் தண்ணீரில் மிதந்தது. "சின்னப் பிள்ளையில இந்தக் கடல்ல குளிச்சது" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "வயசுக்கு வந்த பெறகு குளியலறைதான். மேல கூரை இல்லாம தலையில தண்ணி படுறது இன்னைக்குத்தான்."

ராமலெட்சுமி ஏதோ கேட்க வாயெடுத்தாள், பிறகு விளிம்பில் கிடந்த துண்டை மடித்து வைத்தாள்.

"முழுங்காத. என்ன கேக்கணுமோ கேளு."

"கையெழுத்து... போட்டுருவீகளா அக்கா?"

"நோன்பு முடியட்டும். பெருநா கழிச்சு இன்னொரு தடவ வருவேன். அதுவரைக்கும் போடமாட்டேன். அதுக்கப்புறம் என்னன்னு இப்பக் கேக்காத, எனக்கே தெரியாது."

பெருநாள் என்றால் மார்ச் கடைசி. பானுப்பிரியா பரீட்சை எழுதிக் கரையேறிவிடுவாள். அதற்கு மேல் நினைக்க ராமலெட்சுமிக்குத் தைரியம் வரவில்லை.

"என்னய... வேலையில..."

"பொய் சொல்றதுக்கு ஒம் புருசன் இருக்கான். நெசத்தச் சொல்ல ஒரு ஆளு வேணாமா?" என்றாள் ஜுனைதா, சத்தமாகவே. வேலிக்கு வெளியே அடுப்புக்கிட்ட நின்றவன் செருமினான்.

"ஆனா ஒண்ணு. எம் பிள்ளை கண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா, ஒன்னய நான் சும்மா விட்டுருக்க மாட்டேன். அது மனசுல இருக்கட்டும்."

"இருக்கும்க்கா."

வெளியே கார்க் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. வீரமணி வேலியருகே வந்து, மெதுவாக, "டிரைவர் கேக்குறாரு, கெளம்பலாமான்னு" என்றான்.

ராமலெட்சுமி எழுந்திருக்கப் போனாள். ஜுனைதா கண்ணை மூடியபடியே, தண்ணீருக்குள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அவர இருக்கச் சொல்லுங்க. வெறகு கெடந்தா இன்னும் ரெண்டு போடுங்க" என்றாள் ராமலெட்சுமி, வேலிப் பக்கம் திரும்பி.